ஸ்பிரிங்ளர் வாங்கும் முன் டிரம்மைக் கேளுங்கள்



திருத்தணிக்கும் திருவள்ளூருக்கும் நடுவே கனகம்மாசத்திரத்தில் எனக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. செம்மண்ணும் மணலும் கலந்த பூமி. முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் வேலை பார்த்து, ஓய்வு பெற்ற கையோடு இங்கே வந்துவிட்டேன். ரசாயன உரம் இல்லாமல் வேர்க்கடலை, கீரை, மாட்டுக்குத் தீவனப் புல் என்று ஓடிக்கொண்டிருக்கிறது. தெளிப்பு நீர்ப் பாசனம் பற்றி எழுதச் சொன்னார்கள். சரி என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் நான் செய்த தப்பிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

வந்த இரண்டாம் வருடம் மார்கழிப் பட்டத்துக்கு வேர்க்கடலை போட்டேன். நிலம் 72 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம். ஏறக்குறைய 107 சென்ட். பாத்தி கட்டித் தண்ணீர் பாய்ச்ச ஆள் கிடைக்கவில்லை. ஸ்பிரிங்ளர் போட்டுவிடலாம் என்று ஒரு கடைக்காரரிடம் கேட்டேன். நிலத்தின் நீள அகலம் கேட்டார், மோட்டார் எத்தனை எச்பி என்று கேட்டார். "5 எச்பிங்களா? தாராளம் சார். பதினஞ்சு ஸ்பிரிங்ளர் ஒரே நேரத்துல சுத்தும். பாதி வயல் ஒரு தடவை, மீதி வயல் ஒரு தடவை. முடிஞ்சுது வேலை" என்றார். காகிதத்தில் கட்டம் போட்டும் காட்டினார். பார்க்க அழகாக இருந்தது.

மோட்டாரைப் போட்டதும் பதினைந்தும் சுற்றின. சுற்றினவே தவிர, தண்ணீர் தூரம் போகவில்லை. பூந்தூறலாகச் சிதறவும் இல்லை. ஒவ்வொரு தலையைச் சுற்றியும் வளையல் மாதிரி ஒரு வட்டத்தில் பெரிய பெரிய சொட்டாக விழுந்தது. வட்டத்துக்கு உள்ளேயும் வெளியேயும் மண் காய்ந்தே கிடந்தது. 45ஆம் நாள், பூ முடிந்து விழுது இறங்குகிற நேரத்தில், மேட்டில் ஏறிப் பார்த்தால் வயல் முழுக்கப் பச்சை வளையம், நடுவில் வெளுத்த திட்டு. மண் இறுகிக் கிடந்தால் விழுது உள்ளே இறங்காது. 40 கிலோ மூட்டை 22 வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது 11.

பக்கத்து நிலத்துப் பெரியவர் வந்து வரப்பிலேயே உட்கார்ந்து பார்த்தார். "சார், வயல அளந்தீங்க, மோட்டார எண்ணுனீங்க. போர்ல தண்ணி எவ்ளோ கீதுன்னு அளந்தீங்களா? நாங்க ஏத்தம் எறைக்கும்போது சால் கணக்கு வெச்சுப் பாடிக்கிட்டேதான் எறைப்போம். இவ்ளோ சாலுக்கு இவ்ளோ பாத்தின்னு தெரியும்" என்றார்.

அந்த வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை. பயிர் போனதற்காக மட்டும் இல்லை. வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் இருந்தபோது தெளிப்பு நீர்க் கருவிக்கு எத்தனையோ கடனுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பட்டா, சிட்டா, கொட்டேஷன், 'பாசன ஆதாரம் உள்ளதா? – உள்ளது'. அவ்வளவுதான் நான் பார்த்தது. அழுத்தத்தில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்று ஒருவரையும் கேட்டதில்லை. ஒரு முறை ஆய்வுக்குப் போனபோது, கடனில் வாங்கிய பைப்பெல்லாம் மாட்டுக்கொட்டகைக்குப் பந்தலாக நின்றது. "தண்ணி ஏறல சார், சும்மா கெடக்குதேன்னு கட்டிட்டேன்" என்றார் அந்த விவசாயி. 'கடன் தொகை நோக்கத்துக்கு மாறாகப் பயன்படுத்தப்பட்டது' என்று எழுதிவிட்டு வந்தேன். அவர் சொன்னது உண்மை என்று என் வயலில் வளையம் விழுந்த பிறகுதான் புரிந்தது.

அதனால் இந்தக் கட்டுரையில் ஒரே விஷயத்தைத்தான் அழுத்திச் சொல்லப் போகிறேன். வயலை வைத்துத் திட்டம் போடாதீர்கள். மோட்டாரின் எச்பியை வைத்தும் போடாதீர்கள். தண்ணீரை அளந்து, அதை வைத்துப் போடுங்கள்.

முதல் வேலை: டிரம் கணக்கு

200 லிட்டர் டிரம் ஒன்று, கைக்கடிகாரம் ஒன்று, ஒரு கேட் வால்வு, ஒரு பிரஷர் கேஜ். இவ்வளவு போதும். போர் வாயிலில் முதலில் கேஜ், அதற்கு அடுத்து வால்வு என்று மாட்டுங்கள்.

வால்வை முழுதாகத் திறந்து டிரம்மை நிரப்பினால் என் போரில் 40 விநாடி ஆனது. விநாடிக்கு 5 லிட்டர். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் இந்தக் கணக்கு வாய்க்காலுக்குத்தான் ஆகும், ஸ்பிரிங்ளருக்கு ஆகாது. ஸ்பிரிங்ளர் ஒழுங்காகச் சுற்றிச் சிதற, தலையில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.5 கிலோ அழுத்தம் வேண்டும். 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றுவது 1 கிலோ அழுத்தத்துக்குச் சமம். ஆக, 2.5 கிலோ என்றால் மோட்டார் இன்னும் 25 மீட்டர் ஆழத்திலிருந்து இறைப்பது மாதிரி. அழுத்தம் ஏறினால் அளவு குறையும். இது எல்லா மோட்டாருக்கும் பொது.

ஆகவே வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்கள். கேஜில் முள் 2.5-க்கு வந்ததும் நிறுத்தி, அப்போது டிரம்மை நிரப்புங்கள். எனக்கு 57 விநாடி ஆனது. விநாடிக்கு 3.5 லிட்டர். அதோடு முடியவில்லை. மோட்டாரை இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டு, மறுபடி முள்ளை 2.5-ல் நிறுத்தி நிரப்பினேன். 72 விநாடி. போரில் மட்டம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். 200 லிட்டருக்கு 72 விநாடி என்றால் மணிக்கு 10,000 லிட்டர்.

இந்தக் கடைசி எண்தான் உங்கள் முதல். வங்கிக் கணக்கில் கையிருப்பு மாதிரி. இதற்கு மேல் செலவு எழுத முடியாது. ஐப்பசி மழை முடிந்த கையோடு அளந்து ஏமாற வேண்டாம். பயிருக்குக் கடைசித் தண்ணீர் தேவைப்படுகிற மாதத்தில், மார்கழிப் பட்டம் என்றால் பங்குனியில், அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: எத்தனை தலை?

எங்கள் பக்கம் கிடைக்கிற முக்கால் அங்குல ஸ்பிரிங்ளரில் இரண்டு நாசில் இருக்கும். ஒன்று 4.4 மில்லிமீட்டர், இன்னொன்று 3.2 மில்லிமீட்டர். 2.5 கிலோ அழுத்தத்தில் ஒரு தலை மணிக்குச் சுமார் 1,760 லிட்டர் குடிக்கும். வாங்குகிற கம்பெனியின் அட்டவணையில் இந்த எண் இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

10,000-ஐ 1,760-ஆல் வகுத்தால் ஐந்தரைக்குக் கொஞ்சம் மேல். அப்படியானால் ஐந்து தலை. ஆறு இல்லை, ஐந்துதான். எனக்குப் பதினைந்து மாட்டிக் கொடுத்தார்கள். அதற்கு மணிக்கு 26,400 லிட்டர் வேண்டும். போர் எங்கே போகும்? அன்றைக்கு கேஜ் மாட்டிப் பார்த்திருந்தால் முள் 1 கிலோவைத் தொட்டிருக்காது.

இந்தத் தட்டித் தட்டிச் சுற்றுகிற ஸ்பிரிங்ளரைக் கண்டுபிடித்தவரும் ஒரு விவசாயிதான். கலிபோர்னியாவில் கிளெண்டோரா என்ற ஊரில் எலுமிச்சை, ஆரஞ்சு வகைத் தோட்டம் வைத்திருந்த ஆர்ட்டன் எங்கிள்ஹார்ட், 1933இல் செய்தார். தண்ணீரின் வேகமே ஒரு கையைத் தள்ளும், சுருள்வில் அதைத் திருப்பி அடிக்கும், அந்த அடியில் தலை கொஞ்சம் நகரும். வேகம் இல்லாவிட்டால் அடி இல்லை, சிதறலும் இல்லை. கருவியில் குறை இல்லை, நாம் கொடுக்கிற அழுத்தத்தில்தான் குறை.

மூன்றாவது: எங்கே நிறுத்துவது?

ஒரு தலையின் தண்ணீர் அடுத்த தலையின் காலைத் தொட வேண்டும். இதுதான் விதி. 'இது விட்ட இடத்தில் அது ஆரம்பிக்கட்டும்' என்று தள்ளித் தள்ளி வைத்தால் பணம் மிச்சம், பயிர் நஷ்டம். ஒரு தலை வீசுகிற தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே அளவாக விழாது. ஓரம் போகப் போகக் குறையும். அடுத்த தலையின் தண்ணீர் மேலே விழுந்துதான் அது சரியாகும். என்னுடையது 14 மீட்டர் தூரம் வீசுகிறது. நான் 12 மீட்டருக்கு ஒன்று வைத்திருக்கிறேன். காற்று அதிகமான மேட்டு நிலம் என்றால் இன்னும் நெருக்க வேண்டும்.

என் வயலின் 60 மீட்டர் அகலத்தில் ஐந்து தலை சரியாக நிற்கும். ஓரத்தில் 6 மீட்டர் விட்டு முதல் தலை, பிறகு 12 மீட்டருக்கு ஒன்று. 72 மீட்டர் நீளத்தில் இந்த வரிசையை ஆறு இடத்துக்கு நகர்த்த வேண்டும். மொத்தம் முப்பது இடம், ஆறு மாற்று. போர் வயலின் மூலையில் இருப்பதால் மெயின் லைனுக்கு 6 மீட்டர் பைப் 11, கிளை வரிசைக்கு 9. ஆக 20 பைப். முதலில் நான் வாங்கியதில் பாதிக்கு மேல் இப்போது தேவையில்லை என்று நண்பர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன்.

பைப் அளவிலும் கஞ்சத்தனம் வேண்டாம். என் 10,000 லிட்டருக்கு 63 மில்லிமீட்டர் பைப்பில் 100 மீட்டருக்குச் சுமார் 2 மீட்டர் அழுத்தம் உராய்வில் போகிறது. இது தாங்கும். தண்ணீர் இதைவிட அதிகம் உள்ளவர்கள், அல்லது போர் தூரத்தில் உள்ளவர்கள், மெயின் லைனுக்காவது 75 போடுங்கள். ஒரு வரிசையில் முதல் தலைக்கும் கடைசித் தலைக்கும் அழுத்த வித்தியாசம் நூற்றுக்கு இருபதைத் தாண்டக் கூடாது. கேஜைக் கழற்றி இரண்டு இடத்திலும் மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நான்காவது: எவ்வளவு நேரம், எத்தனை நாளுக்கு ஒரு தடவை?

ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் ஊற்றினால் ஒரு மில்லிமீட்டர் மழை. 12-க்கு 12 என்றால் 144 சதுர மீட்டர். 1,760-ஐ 144-ஆல் வகுத்தால் மணிக்கு 12 மில்லிமீட்டர். என் ஸ்பிரிங்ளர் இரண்டு மணி நேரம் ஓடினால் 24 மில்லிமீட்டர் மழை பெய்த கணக்கு. காற்றிலும் வெயிலிலும் போனது போக 20-க்கு மேல் மண்ணில் சேரும்.

வேர்க்கடலைக்குத் தண்ணீர் முக்கியமாக வேண்டியது மேல் ஓர் அடிக்குள். என் மண் அந்த ஓர் அடியில் இதற்கு மேல் பிடித்து வைக்காது, கீழே இறங்கிவிடும். பயிர் வளர்ந்த நிலையில் ஒரு நாளைக்கு 4 மில்லிமீட்டர் குடிக்கும் என்று வைத்தால், ஐந்து நாளுக்கு ஒரு தடவை. களிமண் நிலத்துக்காரர்கள் இடைவெளியை நீட்டலாம், ஆனால் மணிக்கு 12 மில்லிமீட்டரைக் களிமண் குடிக்குமா என்று பாருங்கள். தண்ணீர் தேங்கி ஓட ஆரம்பித்தால் சின்ன நாசில் போடுங்கள்.

கணக்கு சரியா என்று மண்ணிடமே கேட்கலாம். பாய்ச்சிய மறுநாள் ஒரு இரும்புக் கம்பியைக் கையால் அழுத்துங்கள். ஈரம் உள்ள வரை இறங்கும், காய்ந்த இடத்தில் நிற்கும். ஓர் அடி இறங்கினால் போதும். மூடாக்குப் போட்ட நிலத்தில் இது ரொம்ப முக்கியம். அரை மணி, முக்கால் மணி என்று அடிக்கடி ஓட்டினால் மூடாக்கு மட்டும் நனையும், மண்ணுக்குப் போகாது.

ஆறு மாற்றுக்கு இரண்டு மணி வீதம் 12 மணி நேரம். நான் மும்முனை மின்சாரம் வரும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு விடியற்காலை 4 மணிக்கு ஆரம்பிக்கிறேன். ஒரு காலைக்கு இரண்டு மாற்று. மூன்று காலையில் வயல் முடிந்துவிடும். விடியற்காலையில் காற்று இருக்காது. இலை ஏற்கெனவே பனியில் நனைந்துதான் இருக்கும், வெயில் ஏறியதும் உலர்ந்துவிடும். சாயங்காலம் ஓட்டினால் இரவு முழுக்க இலை ஈரமாகவே கிடக்கும். டிக்கா இலைப்புள்ளிக்கும் துருவுக்கும் நாமே பாய் விரித்த மாதிரி. மருந்து அடிக்காத நமக்கு இந்த நேரம்தான் மருந்து.

ஐந்தாவது: டப்பா சோதனை

போட்டு முடித்ததும் ஒரு தடவை, பிறகு பட்டத்துக்கு ஒரு தடவை இதைச் செய்யுங்கள். ஒரே அளவான 16 டப்பா. நேரான சுவர் உள்ள எந்த டப்பாவும் ஆகும். வரிசை நிற்கும் இரண்டு இடங்களுக்கு நடுவே, 12-க்கு 12 சதுரத்தில், 3 மீட்டருக்கு ஒன்றாக வையுங்கள். வரிசையை முதல் இடத்தில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். டப்பாவைத் தொடாமல் வரிசையை அடுத்த இடத்துக்கு நகர்த்தி இன்னொரு மணி நேரம் ஓட்டுங்கள். பிறகு ஸ்கேலால் ஒவ்வொரு டப்பாவிலும் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதுங்கள்.

16-க்கும் சராசரி பாருங்கள். அதில் குறைவான நான்குக்கு மட்டும் தனியாகச் சராசரி பாருங்கள். இரண்டாவதை முதலாவதால் வகுங்கள். பதினைந்து தலை ஓட்டிய காலத்தில், பயிர் போன பிறகு, நான் இப்படிப் பார்த்தபோது சராசரி 6, குறைந்த நான்கு 2. நூற்றுக்கு 33. ஐந்தாகக் குறைத்த பிறகு சராசரி 11, குறைந்த நான்கு 8.5. நூற்றுக்கு 77. 75-க்கு மேல் வந்தால் நிம்மதியாக இருக்கலாம். கீழே போனால் முதலில் அழுத்தம், பிறகு இடைவெளி, பிறகு நாசில் என்று வரிசையாகப் பாருங்கள். நாசில் தேய்ந்ததா என்று பார்க்க 4.5 மில்லிமீட்டர் டிரில் பிட்டின் பின்பக்கத்தை விட்டுப் பாருங்கள். லொடலொடவென்று போனால் மாற்ற வேண்டியதுதான்.

சில எச்சரிக்கைகள்

கிணற்றுத் தண்ணீராக இருந்தால் வடிகட்டி கட்டாயம். பாசித் துணுக்கு ஒன்று போதும், தலை நின்றுவிடும். அமுதக்கரைசல், ஜீவாமிர்தம் விடுகிறவர்கள் இரண்டு மடிப்பு நைலான் துணியில் வடித்து, கடைசி அரை மணியில் விட்டு, பிறகு பத்து நிமிடம் வெறும் தண்ணீர் ஓட்டிப் பைப்பைக் கழுவுங்கள். மோட்டார் நின்றால் கரைசல் போருக்குள் திரும்பாமல் ஒரு செக் வால்வு இருக்க வேண்டும். குடிக்கிற தண்ணீரும் அதுதானே.

உப்புத் தண்ணீர் என்றால் யோசியுங்கள். வேருக்குத் தாங்குகிற உப்பு இலையில் பட்டால் ஓரம் கருகும். தண்ணீரைப் பரிசோதித்துவிட்டு வாங்குங்கள். எங்கள் மாவட்டத்துக்காரர்கள் சந்தேகம் என்றால் திரூரில் உள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தில் கேட்கலாம்.

மானியம்: தமிழ்நாட்டில் நுண்ணீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. ஐந்து ஏக்கர் வரை உள்ளவர்கள் தாசில்தாரிடம் சிறு, குறு விவசாயி சான்று வாங்கி, சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதாரோடு பதிவு செய்யலாம். இலவசமாக வருகிறதே என்று யாரோ போட்ட வரைபடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். உங்கள் டிரம் கணக்கை எழுதிக் கொடுத்து, அதற்கு வரைபடம் கேளுங்கள்.

புல்தரைக்கும் இதே கணக்குதான்

திருப்பதி நெடுஞ்சாலை ஓரத்தில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் உறவினர் ஒருவர், புல்தரைக்கு ஸ்பிரிங்ளர் போட யோசனை கேட்டார். அங்கேயும் டிரம்தான் முதலில். அங்கே தலைகள் மண்ணுக்குள் புதைந்திருந்து, தண்ணீர் வந்தால் எழும்பும். அதில் இரண்டு வகை. சுற்றாமல் விசிறியாகத் தெளிப்பது மணிக்குச் சுமார் 40 மில்லிமீட்டர் கொட்டும். சுற்றித் தெளிப்பது 10 முதல் 15 வரைதான். இரண்டையும் ஒரே வால்வில் மாட்டினால் ஒரு பக்கம் சேறு, ஒரு பக்கம் சருகு. வகைக்கு ஒரு வால்வு, வெயில் பக்கத்துக்கு ஒரு வால்வு, நிழல் பக்கத்துக்கு ஒரு வால்வு என்று பிரிக்கச் சொன்னேன். மண்டபத்துக்கு அவ்வளவு புல் தேவையா என்றும் கேட்டேன். பாதியைக் குறைத்துக்கொண்டு வேப்பங்கன்று வைத்திருக்கிறார்.

கடைசியாக ஒன்று

நமக்கு விவசாய மின்சாரம் இலவசம். அது நல்லதுதான், இல்லையென்றால் பலர் எப்போதோ நிலத்தை விற்றிருப்போம். ஆனால் பில் வராததால், தண்ணீர் வீணாவதைச் சொல்ல ஆள் இல்லை. போர் இறங்கிய பிறகுதான் தெரிகிறது. கொசஸ்தலை ஆறு மழைக்காலத்தில் சில நாள் ஓடிப் பூண்டி ஏரிக்குப் போகிறது. மற்ற நாளெல்லாம் நமக்கு ஏரியும் நிலத்தடி நீரும்தான். இப்போது என் 107 சென்டுக்கு ஒரு சுற்றுக்கு ஒரு லட்சத்து ஐயாயிரம் லிட்டர் ஆகிறது என்று எனக்குத் தெரியும். பெரியவர் சால் எண்ணியது மாதிரி நானும் எண்ணுகிறேன். சென்ற பட்டத்தில் 21 மூட்டை எடுத்தேன்.

இதைப் படிக்கிறவர்களில் வங்கியில் வேலை செய்கிற தம்பி, தங்கைகள் இருக்கலாம். தெளிப்பு நீர்க் கடன் விண்ணப்பம் மேசைக்கு வந்தால், 'இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு, 2.5 கிலோ அழுத்தத்தில், மணிக்கு எத்தனை லிட்டர்?' என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். தெரியாது என்றால் கடனை மறுக்க வேண்டாம். ஒரு டிரம்மோடு நீங்களே போய் அளந்து கொடுங்கள். நான் அதைச் செய்யவில்லை. அந்த மாட்டுக்கொட்டகைக்காரர் இப்போது எங்கே இருக்கிறாரோ தெரியவில்லை. பார்த்தால், நான் எழுதிய அறிக்கை தப்பு என்று சொல்ல வேண்டும்.